இந்த மிருகங்களுக்குள் ஏன் பகை? கதைகளை ஒப்பிடத் தொடங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கதை கிடைக்கிறது. வீட்டில் ஆயா சொல்லும் காக்கை ஆந்தைக் கதை, பக்கத்து வீட்டு ஜூலு கோகோ (பாட்டி) சொல்லும் கோழி பருந்துக் கதை. இவற்றை ஒப்பிட ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: கதையைச் சலித்தெடுங்கள்

பகை எப்படி வந்தது என்று சொல்லும் கதைதான் நமக்கு வேண்டும். பஞ்சதந்திரத்தில் குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீரிக்கும் பாம்புக்கும் ஆகாது என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது, காரணம் சொல்வதில்லை. அதை ஓரமாக வையுங்கள்.

படி 2: கேட்டு எழுதுங்கள்

யார் சொன்னார், எந்த மொழியில், எந்த ஊரில் என்று முதலில் குறியுங்கள். கோகோவிடம் கேட்பதானால் இருட்டிய பிறகு போங்கள். பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்பது ஜூலு வழக்கு!

படி 3: எலும்புக்கூடு மட்டும்

ஒவ்வொரு கதைக்கும் நான்கு கேள்விகள். முன்பு எப்படிப் பழகினார்கள்? எது முறிந்தது? தண்டனை யாருக்கு? இன்றைக்கும் கண்ணில் படும் அடையாளம் என்ன?

கோழியும் பருந்தும்: நண்பர்கள். கோழி பருந்திடம் இரவல் வாங்கிய ஊசியைத் தொலைத்துவிட்டது. ஊசி கிடைக்கும்வரை பருந்து குஞ்சுகளைத் தூக்கும். கோழி இன்னும் மண்ணைக் கிளறித் தேடுகிறது. (சில ஊர்களில் ஊசிக்குப் பதில் சவரக்கத்தி.)

காக்கையும் ஆந்தையும்: கருடன் திருமாலின் சேவையிலேயே இருக்க, பறவைகள் ஆந்தைக்கு முடிசூட்டப் பார்த்தன. தாமதமாக வந்த காக்கை சிரித்தது. கோபமில்லாதபோதே முகம் இப்படி என்றால், கோபம் வந்தால் எப்படியிருக்கும் என்றது. முடிசூட்டு நின்றது, இரு குலத்துக்கும் பகை மூண்டது. அடையாளம் கதைக்கு வெளியிலும் உண்டு: பகலில் காக்கைகள் கூடி ஆந்தையைத் துரத்தும், இரவில் ஆந்தை காக்கையை அடிக்கும். 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்று 481ஆம் குறள் சொல்வதும் இதைத்தான்.

படி 4: முறிந்ததை வைத்துப் பிரித்துவையுங்கள்

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். இரண்டும் பறவைக் கதை என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். ஒன்றில் தொலைந்தது பொருள், மற்றதில் போனது மானம். கோழிக் கதைக்குச் சரியான ஜோடி நாய், பூனை, எலிக் கதை. நாய்கள் தங்கள் உரிமைப் பத்திரத்தைப் பூனையிடம் பத்திரப்படுத்தச் சொல்ல, எலி கடித்துவிடுகிறது. அதனால் நாய்க்குப் பூனை மேல் கோபம், பூனைக்கு எலி மேல். நம்பிக் கொடுத்தது தொலைந்தால், தொலைத்தவரோடு வம்சமும் அனுபவிக்கிறது. காக்கைக் கதையில் எதையும் திருப்பிக் கொடுத்துப் பகையைத் தீர்க்க வழியில்லை. எனக்கு இந்த வித்தியாசம்தான் ருசி.

படி 5: யாரிடமிருந்து யார் என்று அவசரப்படாதீர்கள்

1860இல் தொடங்கி நம்மவர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள், அதனால் கதைகள் கைமாறியிருக்கும் என்று எழுதத் தோன்றும். இருக்கலாம். ஆனால் பிலிப்பைன்ஸிலும் கோழி மண்ணைக் கிளறுகிறது, அங்கே பருந்து கொடுத்த மோதிரத்துக்காக! ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

படி 6: எண் போடுங்கள்

நாட்டார் கதைக் கூறுகளுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஸ்டித் தாம்சன் தொகுத்த அட்டவணையில், சில விலங்குகள் ஏன் பகை என்பதற்கு ஏ2494 என்று ஓர் எண் உண்டு. முழுக் கதைகளை வகைப்படுத்தும் தனிப் பட்டியலில் நாய்ப் பத்திரக் கதைக்குக் கதைவகை எண் 200. நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள், நூலகத்தில் வேறு நாட்டுக் கதையைத் தேடும்போது கைகொடுக்கும்.