குடிய விட குரூப் தேடுறப்போ நாங்க பண்ணின தப்புங்க

மொதல்ல என் தப்பையே சொல்லிடுறேன். ஒரு வெள்ளிக்கிழம வீட்டம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, பதினஞ்சு வருஷமா தினமும் உள்ள போயிட்டிருந்த சரக்க மறுநாள் காலைல இருந்து சுத்தமா நிறுத்திட்டேன், திங்கக்கிழம குடிய விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுற மீட்டிங் ஏதோ இருக்காம்ல அங்க போய் உக்காந்தா போதும்னு நெனப்பு. ஞாயித்துக்கிழம கை டீ கிளாஸ புடிக்கல, வேர்த்து ஊத்துது, ராத்திரி செவுத்துல பூச்சி ஊருது. எங்கம்மா வேப்பிலைய எடுத்துட்டு வந்துட்டாங்க. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, ரொம்ப வருஷம் தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும், மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், மூணாவது நாள் வாக்குல ஆளே தெரியாம ஒளறலாம், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. அதனால தினக்குடிகாரரா இருந்தா மொதல்ல டாக்டர், அப்புறம்தான் குரூப்பு. பெரிய ஜிஎச்ல மனநலப் பிரிவு ஓபி இருக்கும், அங்க போங்க, எவ்ளோ குடிப்பீங்கன்னு கேட்டா பாதியா குறைச்சு சொல்லாதீங்க, மருந்து அளவே அதப் பாத்துதான்.

அடுத்தது, போதை மறுவாழ்வு சென்டரையும் குரூப்பையும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. நெட்ல தேடினா மேல வர்றது பூரா விளம்பரம்தான். "ஆள் அனுப்பி கூட்டிட்டு போறோம், மூணு மாசம், இவ்ளோ பணம்"னா அது சென்டர், அங்க சேக்குறதுக்கு முன்னாடி மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணிருக்காங்களான்னு கண்டிப்பா கேளுங்க, வீட்டாளுங்க வந்து பாக்க விடுவாங்களான்னும் கேளுங்க. குரூப்புன்னா வேற, ஏஏ மாதிரி, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல அமெரிக்காவுல ஆக்ரன் ஊர்ல குடிய விட முடியாம தவிச்ச ரெண்டு பேர் ஆரம்பிச்சது, அதுல ஒருத்தர் டாக்டரு. கட்டணம் கெடையாது, கடைசில ஒரு பை சுத்தி வரும், இருந்தா பத்து இருவது போடலாம் இல்லன்னா சும்மா கடத்தி விடலாம். குடிய நிறுத்தணும்ங்கிற ஆச ஒண்ணுதான் தகுதி. ஏஏ மீட்டிங்னு சொல்லி ஃபீஸ் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க.

மேப்ப நம்பி கெளம்பாதீங்க. நான் மொத தடவ போனப்ப மேப் ஒரு சர்ச் வாசல்ல கொண்டு விட்டுச்சு, கேட்டு பூட்டிருக்கு, போர்டு இல்ல, பைக்க ஆஃப் பண்ணாமயே பத்து நிமிஷம் நிக்கிறேன். வாட்ச்மேன் வந்து "யாருண்ணே வேணும்"ங்கறாரு. மீட்டிங்னு இழுத்தேன். "ஓ, டீ குடிக்கிற மீட்டிங்கா, பின்னால சுத்தி வாங்க"ன்னாரு சாதாரணமா. எடம், நேரம் எல்லாம் மாறிட்டே இருக்கும், அதனால ஏஏ ஹெல்ப்லைன்ல பேசி, இன்னைக்கு உண்டா, எந்த ரூம்பு, தமிழ்ல நடக்குமா, புதுசா வர்றவங்க உள்ள வரலாமான்னு கேட்டுட்டு போங்க. போன்ல எடுக்குறவரே பெரும்பாலும் குடிய விட்டவராத்தான் இருப்பாரு, வெக்கப்பட ஒண்ணுமில்ல. எதுவும் கெடைக்கலன்னா மத்திய அரசோட போதை ஒழிப்பு ஹெல்ப்லைன் 14446, காசு கெடையாது.

சர்ச் ஹால்ல நடக்குது, மதம் மாத்திடுவாங்கன்னு எங்க மச்சான் ரெண்டு வருஷம் வரல. சும்மா வாடகைக்கு எடுக்குற ரூம்புப்பா அது. கடவுள்னு பேச்சு வரும்தான், ஆனா உங்க சாமி உங்களுக்கு, சாமியே இல்லன்னாலும் தொரத்த மாட்டாங்க.

"மாலை போட்டா 48 நாள் தொட மாட்டேன், எனக்கு எதுக்கு குரூப்பு"ம்பாங்க நெறய பேரு. நானும் சொல்லிருக்கேன், மாலைய கழட்டுன அன்னைக்கு சாயங்காலமே சரக்குக் கடைல நின்னும் இருக்கேன். குரூப்பே அந்த 49வது நாளுக்குத்தான்.

ஒரே ஒரு மீட்டிங் பாத்துட்டு "எல்லாம் வயசானவங்க, அழுறாங்க"ன்னு விட்டுடாதீங்க. ஒவ்வொரு குரூப்பும் ஒவ்வொரு மாதிரி, நாலஞ்சு எடம் போங்க. பொம்பளைங்களா இருந்தா பொம்பளைங்க வர்ற மீட்டிங் எதுன்னு போன்லயே கேட்டுக்கலாம்.

வீட்டுல இருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம். சாம்பார்ல தெரியாம கலந்து குடுக்கலாம்னு விக்கிறாங்களே மாத்திர, வேண்டவே வேண்டாம்மா. அதுல டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அவரு அது தெரியாம மேல குடிச்சாருன்னா வாந்தி, படபடப்பு, பிரஷர் எறங்கி ஆளே போயிடலாம். டாக்டர் குடுக்குற மருந்துதான் அது, ஆனா அவருக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு எடுக்கணும். இன்னொண்ணு, அவரு வரலன்னா நீங்க போங்க, ஆனா ஏஏக்கு இல்ல, குடும்பத்துக்குன்னே அல்-அனான் தனியா இருக்கு, எங்க வீட்டம்மா எனக்கு முன்னாடியே அங்க போயிட்டு இருந்துச்சு, வெளக்குமாத்தோட வாசல்ல நிக்கிறத விட்டுட்டு எட்டரைக்கு சோத்த போட்டு மூடி வச்சிட்டு தூங்கப் போயிடுச்சு. சண்டைக்கு ஆள் இல்லாம நான்தான் முழிச்சிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் நடுவுல ஒரு நாள் குடிச்சிட்டா மூஞ்சிய எப்படி காட்டுறதுன்னு நின்னுடுறது. ஏழு மாசம் கழிச்சு எனக்கும் ஆச்சு, ஒரு கல்யாண வீட்ல. மூணு வாரம் போகல. நாலாவது வாரம் போனா அதே வாட்ச்மேன், "என்னண்ணே ஊர்ல இல்லியா, டீ ஆறிடும் போங்க"ன்னாரு.