பத்து சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு? பிள்ளைகளோடு ஒரு மழைமானி

ஐப்பசி பிறந்தால் டெல்டாவில் டிவி முழுக்க செ.மீ. கணக்குதான். பிள்ளைகளுக்கு அதில் வேண்டியது நாளைக்கு லீவா இல்லையா என்பது மட்டும். வெள்ளப் படங்களைக் காட்டி மிரட்டுவதைவிட அளக்கச் சொல்லிக்கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

1. பக்கம் நேராக இருக்கும் 2 லிட்டர் குளிர்பான பாட்டிலை, வளைவு முடியும் இடத்தில் வெட்டுங்கள் (கத்தி பெரியவர் கையில்). மேல்துண்டை மூடியில்லாமல் கவிழ்த்துச் செருகினால் புனல். அடியில் கூழாங்கல் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து ஸ்கேலை ஒட்டுங்கள்.

2. கொல்லையில் திறந்தவெளியில் வைத்துச் செங்கல் அண்டை கொடுங்கள். தென்னையடி, தாழ்வாரம் வேண்டாம்.

3. தினமும் காலை 8.30-க்கு அளவைக் குறித்துவிட்டு, பூஜ்யம்வரை கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கும் அந்த நேரம்தான். ஒரு நாளில் 6.45 செ.மீ. தொட்டால் கனமழை, 11.56 மிக கனமழை, 20.45 அதிகனமழை.

4. இனி வயலுக்கு வாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு மா நிலம் சுமார் 1,350 சதுர மீட்டர். 10 செ.மீ. பெய்தால்? பிள்ளைகளே பெருக்கட்டும்: 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினோரு லாரிக்கு மேல், ஒரே ஒரு மாவுக்கு! கையோடு வடிகால் வாய்க்காலுக்குக் கூட்டிப்போங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் இத்தனை தண்ணீரும் எங்கே போகும் என்று கேளுங்கள். நம் டெல்டா நிலம் சரிவில்லாத சமதளம். புயலில் கடல்மட்டம் ஏறினால் முகத்துவாரத்திலும் தண்ணீர் இறங்காது. நாள்கணக்கில் மூழ்கிய சம்பா இளம்பயிர் காற்றில்லாமல் அழுகும்.

5. புயலுக்கு ஒரு தாளும் காசும் போதும். வட்டம் வரைந்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் அம்புக்குறிகள் போடுங்கள். நடுவில் கண். காசுதான் நம் வீடு. அதை விளிம்பிலிருந்து நடுவழியாக மறுவிளிம்புக்கு நகர்த்துங்கள். கண்ணுக்குள் காற்று அநேகமாக அடங்கிவிடும். தாண்டியதும் அம்பு எதிர்த்திசையில், அதாவது காற்று மறுபக்கமிருந்து மீண்டும் அடிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

ஆகவே காற்று திடீரென அடங்கினால், புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது. பாட்டிலைப் பார்க்கக்கூட.