ஜிம்னியில பாறை ஏறணுமா? லிஃப்ட் போடுறதுக்கு முன்னாடி ஃப்ளெக்ஸ பாருங்க

ஜிம்னி வாங்கின கையோட எல்லாரும் கேக்குறது "எத்தன இன்ச் லிஃப்ட் போடலாம்"னு தான், அதாவது வண்டிய எவ்வளவு உசத்தலாம்னு. வண்டி உசரமா நிக்குறது வேற, பாறையில நாலு சக்கரமும் தரைய விடாம இருக்குறது வேற, இந்த ரெண்டாவது தான் ஃப்ளெக்ஸ். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப் ரோடு மாதிரி கல்லும் குழியுமா கிடக்குற பாதையில, ஒரு பக்க முன் சக்கரம் கல்லு மேல ஏறும்போது மறுபக்க முன் சக்கரம் எவ்வளவு கீழ இறங்கி தரைய தொடுதுங்குறது தான் விஷயம். தொடலன்னா அது காத்துல சும்மா சுத்தும், ரெண்டு சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சு குடுக்குற டிஃபரென்ஷியல் ஓபன் (லாக் இல்லாதது) தானே. ஜிம்னியில சுத்துற சக்கரத்த பிரேக் போட்டு பிடிக்கிற சிஸ்டம் இருக்கு, நல்லாவும் வேலை செய்யும், ஆனா சக்கரம் சுத்த ஆரம்பிச்ச அப்புறம் தான் அது முழிக்கும், அதுக்குள்ள வண்டி வழுக்கி பக்கத்து கல்லுல இடிச்சிடலாம்.

முதல்ல அளந்து பாருங்க, காசு எடுக்குறதெல்லாம் அப்புறம். சமதரையில நிறுத்தி நாலு ஷாக் அப்சார்பரோட ராட்லயும் ஒரு கேபிள் டை சுத்தி, ஷாக் பாடிய ஒட்டுற மாதிரி இறக்கி விடுங்க. அப்புறம் ஒரு முன் சக்கரத்த மட்டும் உறுதியான ராம்ப் மேல மெதுவா ஏத்துங்க, வேற ஏதாவது ஒரு சக்கரம் லேசா தரைய விடுற இடத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, மத்த சக்கரங்களுக்கு கட்டை வச்சிட்டு குனிஞ்சு பாருங்க. அமுங்குன பக்கம் பம்ப் ஸ்டாப் ரப்பர் (சக்கரம் ஒரு அளவுக்கு மேல ஏறாம தடுக்குறது) முட்டுதா? தொங்குற பக்கம் ஷாக் முழுசா நீண்டு போச்சா, இல்ல இன்னும் நீள இடம் இருந்தும் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்குற அச்சு) இறங்க மாட்டேங்குதா? கீழ இறங்கின அப்புறம் கேபிள் டை எங்க நகர்ந்து நிக்குதுன்னு பாத்தா ஷாக் எவ்வளவு அமுங்குச்சுன்னு தெரிஞ்சிடும். எது தடுக்குதோ அத மட்டும் தான் மாத்தணும்.

காசே ஆகாத வேலை ரெண்டு இருக்கு. ஒண்ணு, முன்னாடி இருக்குற ஸ்டெபிலைசர் பார். ரெண்டு பக்க சக்கரமும் தனித்தனியா ஆடக்கூடாதுன்னு தான் கம்பெனி அத வச்சிருக்கான், தார் ரோட்டு வளைவுக்கு அது வேணும், பாறைக்கு அது எதிரி. பாதை ஆரம்பிக்குற இடத்துல அந்த பார பிடிச்சிருக்குற ரெண்டு பக்க லிங்கையும் கழட்டி, பார் எதுலயும் இடிக்காம கட்டி வைங்க, முன்பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு உடனே வித்தியாசம் தெரியும். திரும்பி வரும்போது தார் ரோடு தொடுறதுக்கு முன்னாடியே மாட்டிடணும், இதுல சமரசமே கூடாது. ரெண்டாவது டயர் காத்து. ஜிம்னி கிட்டத்தட்ட 1,200 கிலோ தான், அதனால 18 பிஎஸ்ஐ வரைக்கும் தைரியமா இறக்கலாம், டயரே கல்லு மேல அப்பி உக்காரும். சாதா ரிம்முல 15-க்கு கீழ போகாதீங்க, சைடுல கல்லு தள்ளும்போது டயர் ரிம்ம விட்டு கழண்டுடும். கம்ப்ரஸர் ஒண்ணு கட்டாயம் வண்டியில இருக்கணும்.

இதுக்கு மேலயும் வேணும்னா ஷாக். நிறைய வண்டியில ஷாக்கோட நீளம் தான் இறக்கத்த தடுக்குது. ஆனா நீளமான ஷாக் மூடின நிலையிலயும் நீளமா தான் இருக்கும், அத பாக்காம மாட்டினா பம்ப் ஸ்டாப் முட்டுறதுக்கு முன்னாடி ஷாக் முட்டி உள்ள இருக்குற வால்வு, இல்லாட்டி மேல் மவுண்ட் காலி. பம்ப் ஸ்டாப் தான் முதல்ல முட்டணும், தேவைப்பட்டா அதுக்கு ஸ்பேசர் வைங்க.

ஸ்பிரிங் விஷயத்துல தான் பணம் அதிகமா வீணாகுது. இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் மாட்டின வண்டிக்குன்னு செஞ்ச கடினமான ஸ்பிரிங்க வெறும் வண்டியில மாட்டினா வண்டி உசந்து நிக்கும், ஆனா அமுங்கவே அமுங்காது, கல்லுல முன்ன விட மோசமா தத்தும். உங்க வண்டியில நிரந்தரமா எவ்வளவு எடை இருக்கோ அதுக்கு ஏத்த ஸ்பிரிங் வாங்குங்க. 50 எம்எம் உசத்தினாலே காஸ்டர் (ஸ்டியரிங்க நேரா வச்சிருக்குற முன் சக்கர சாய்வு) குறைஞ்சு ஸ்டியரிங் அலையும், ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பனார்ட் ராட் அத ஒரு பக்கமா இழுக்கும், அதனால காஸ்டர் கரெக்ஷன் புஷ் (காஸ்டர திரும்ப சரி பண்ற மூட்டு உருளை), நீளம் மாத்துற பனார்ட் ராட் ரெண்டையும் சேத்து தான் பட்ஜெட் போடணும்.

இங்க ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. ஜிம்னியில முன்னாடியும் பின்னாடியும் ஆக்ஸில வண்டியோட சேத்து பிடிக்கிற ஒவ்வொரு ஆர்மும் அத ரெண்டு ரப்பர் புஷ் வச்சு பிடிக்குது. ஆக்ஸில் சாயும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கிட்டா தான் உண்டு, வேற வழியே இல்ல. "ஸ்ட்ராங்கா இருக்கும் சார்"னு சொல்லி கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டுட்டா உங்க ஃப்ளெக்ஸ நீங்களே காசு குடுத்து குறைச்ச மாதிரி. காஸ்டர் புஷ் வாங்கும்போதும் ரப்பர்ல கிடைக்குதான்னு தேடுங்க.

எல்லாம் மாட்டின அப்புறம் பழையபடி ராம்ப்ல ஏத்தி, தொங்குற பக்கம் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்ஸில் பிரீதர் குழாய் (ஆக்ஸிலுக்குள்ள காத்து போய்வர வழி) மூணையும் கையால தொட்டு பாருங்க. விறைப்பா இருந்தா ஓட்டாதீங்க, நீளமான ஹோஸ் போட்டுட்டு தான் மறுபடி. ஸ்பிரிங் சீட்ட விட்டு லூசா நிக்குதான்னும் பாருங்க. அமுங்குன பக்கம் ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி டயர் எங்க உரசுதுன்னு பாருங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-வது பிரிவு வண்டிய கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாத்துறதுக்கு கட்டுப்பாடு வச்சிருக்கு, அதனால லிஃப்ட், பெரிய டயர்னு இறங்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ-ல விசாரிச்சிடுங்க.

ஆர்ம் போல்ட்டெல்லாம் வண்டி ஜாக்கியில தொங்கும்போது கடைசி டைட் குடுக்கக் கூடாது, சக்கரம் தரையில நின்னு முழு எடையும் இறங்கின அப்புறம் தான் டார்க் ரெஞ்ச் வைக்கணும், இல்லன்னா புஷ் முறுக்கின நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழியும். முதல் தடவ பாறைக்கு போய்ட்டு வந்ததும் எல்லா போல்ட்டையும் இன்னொரு சுத்து செக் பண்ணுங்க.