ப்ராஜெக்ட் கார் (பழைய காரை எடுத்துச் சீராக்குவது): எஞ்சினை அப்படியே விடுவதா, ஏற்றிக் கட்டுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் வீட்டோரம் படுதா போர்த்தி நிற்கும் பழைய புரோட்டான் சாகாவும் வீராவும் புதிதல்ல. அதில் ஒன்றைக் கையில் எடுத்ததும் எழும் முதல் கேள்வி எஞ்சின்தான். பலர் "டர்போ" என்று முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாகக் காரணம் தேடுகிறார்கள். நாம் வேறு வழியில் போவோம். முதலில் அளப்போம், பிறகு முடிவெடுப்போம்.

அதற்கு முன் ஒன்று. இந்தப் போட்டியில் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள். ஒன்று, காரோடு வந்த எஞ்சின். இரண்டு, அதையே கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), பிஸ்டன், டர்போ என்று ஏற்றிக் கட்டியது. மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்: கம்பெனியே பலமாகக் கட்டிய வேறொரு எஞ்சினை ஹாஃப் கட்டில் (பழைய காரிலிருந்து வெட்டியெடுத்து விற்கும் முன்பாதி) எடுத்து, எதையும் மாற்றாமல் ஓட்டுவது. வீரா 1.6-ல் உள்ள 4ஜி92 என்ற ஒற்றை கேம் எஞ்சின், சுமார் 110 குதிரைத்திறன் தரும். அதே 1,597 சி.சி.யில் மிட்சுபிஷி கட்டிய மைவெக் (வால்வு திறப்பைச் சுற்றுக்கேற்ப மாற்றும் வகை) 175 தருகிறது, ஆனால் நிமிடத்துக்கு 7,500 சுற்றில். 1,834 சி.சி. 4ஜி93 டர்போ 6,000 சுற்றில் 195 தருகிறது. இழுவிசை (டார்க்) 3,000 சுற்றிலேயே 27.5 கிலோகிராம்-மீட்டர். அந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள், கிளட்ச் பற்றிப் பேசும்போது வேண்டும்.

படி 1: கார் எங்கே ஓடப்போகிறது?

ஒரு வாரம் குறித்து வையுங்கள். செம்மண் ரோட்டில் எத்தனை கிலோமீட்டர், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் எவ்வளவு நேரம், ஈப்போவுக்குப் பெரிய ரோட்டில் எத்தனை தடவை. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போக வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான் என்றால், எஞ்சினை ஏற்றிக் கட்டும் யோசனையை இங்கேயே மூடிவிடலாம். கட்டிய எஞ்சின் அடிக்கடி ஜேக்கில் ஏறும்.

272 டிகிரிக்கு மேற்பட்ட கேம் போட்ட எஞ்சின் மேல் சுற்றில் பாயும், கீழே செத்துக் கிடக்கும். இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால் குலுங்கிக் குலுங்கி வரும். தூசி அதைவிட மோசம். பெட்டி இல்லாத திறந்த பாட் ஃபில்டர் எஞ்சின் சூட்டையும் செம்மண்ணையும் சேர்த்து இழுக்கிறது. நுண்ணிய மண் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மணல் காகிதத்தின் வேலை செய்யும். தோட்டத்துக்குள் ஓடும் காருக்கு ஒரிஜினல் பெட்டியும் காகித ஃபில்டரும்தான் சரி, பார்க்க அழகில்லை என்றாலும்.

படி 2: இருக்கும் எஞ்சினின் உடம்பைப் பாருங்கள்

சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கம்பிரஷன் கேஜ் ஒன்று போதும். முறை முக்கியம்.

எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் காயில் வயரையும் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றி அளவு குறைத்துக் காட்டும். பேட்டரி முழுதாக இருக்கட்டும். ஒருவர் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்க, ஐந்தாறு அமுக்கம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டரையும் எழுதி வையுங்கள்.

டர்போ இல்லாத இவ்வகை எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் பொதுவாக 160 முதல் 190 பி.எஸ்.ஐ. காட்டும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்னும் முக்கியம். 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 180, 178, 175, 180 என்றால் கவலை இல்லை. 180, 120, 118, 178 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டும் விழுந்திருக்கின்றன. ஹெட் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவே எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் குறைவா? அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை கக்கிவிட்டு நின்றால் வால்வு சீல்; அதற்கு எஞ்சினையே மாற்றச் சொல்லும் போர்மேனிடம் (மெக்கானிக்) இன்னொரு தடவை யோசித்துப் போங்கள்.

படி 3: கெரானை (கார் பதிவுப் பத்திரம்) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்

எஞ்சின் மாற்றம் என்றால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல், புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் சோதனை, கெரானில் புதிய எஞ்சின் எண் மூன்றும் வேண்டும். ஹாஃப் கட் கடையில் பணம் கொடுக்குமுன் பில்லும் சுங்கத் தாள்களும் கேளுங்கள், அதில் உள்ள எண்ணை எஞ்சின் பிளாக்கில் கொத்திய எண்ணோடு ஒப்பிடுங்கள். தாள் "அப்புறம் வரும்" என்றால் எஞ்சினும் அப்புறமே வரட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறு வரும்.

சாலை வரியையும் கணக்கில் எடுங்கள். தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள சலூன் காருக்கு 1,401 முதல் 1,600 சி.சி. வரை ஆண்டுக்கு 90 வெள்ளி. 1,834 சி.சி.க்கு அடிப்படை 280, அதோடு 1,800-ஐத் தாண்டிய ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசு: 297 வெள்ளி.

படி 4: ஸ்டாண்டர்ட் என்று முடிவானால்

வாங்க வேண்டியவை: முழு கேஸ்கெட் செட், ரிங், மெயின் பேரிங், ராட் பேரிங், வால்வு சீல், எண்ணெய் பம்ப், தண்ணீர் பம்ப், டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும், தெர்மோஸ்டாட். பெல்ட்டை மாற்றி டென்ஷனரைப் பழையதாக விடுவது பொய்ச் சிக்கனம். அது இறுகிப்போனால் புதுப் பெல்ட்டும் போகும், பல எஞ்சின்களில் வால்வும் வளையும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்க்கோல் வைத்து, நீளவாக்கிலும் குறுக்காகவும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் மெஷின் ஷாப்பில் காட்டுங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் உள்ள அளவில், கட்டம் கட்டமாக, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். கைக்கணக்கு இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

நம் ஊரில் ஒரு பழைய பழக்கம்: எஞ்சின் சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி, ரேடியேட்டரில் பைப்புத் தண்ணீர் ஊற்று. இரண்டுமே தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ரிங் சீக்கிரம் தேயும். வெறும் தண்ணீர் இரும்பு பிளாக்கைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவால் ரேடியேட்டரை அடைக்கும். இங்கே பனி உறையாது, ஆனாலும் கூலன்ட் வேண்டும், துருவுக்காக. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

மிச்சப் பணத்தை பிரேக் பேட், பிரேக் ஹோஸ், புது டயர், புஷ் ஆகியவற்றில் போடுங்கள். 110 குதிரைத்திறன் வீராவே அப்போது வேறு கார் மாதிரி ஓடும்.

படி 5: ஏற்றிக் கட்டுவது, அல்லது ஹாஃப் கட் என்று முடிவானால்

எஞ்சினுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்களோ, அதே அளவு இன்னொரு மடங்கு தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தொடங்க வேண்டாம். வரிசையும் முக்கியம்: பிரேக், குளிரூட்டல், கிளட்ச், எரிபொருள், கடைசியாகத்தான் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்). பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள்.

வீரா 1.6-ன் இழுவிசை ஏறக்குறைய 14 கிலோகிராம்-மீட்டர். மேலே சொன்ன 27.5 அதன் இரட்டிப்பு. பழைய கிளட்ச் அதைத் தாங்காமல் வழுக்கும்: மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் சுற்று ஏறும், வேகம் ஏறாது. ஹாஃப் கட்டில் எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸையும் கேளுங்கள்.

டர்போ எஞ்சினை வாங்குமுன் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் நகர்ந்தால் வேண்டாம். எண்ணெய் மூடியைத் திறந்து, உள்ளே தார் போல் கருப்பு படிந்திருந்தால் அதையும் விடுங்கள்.

ரிங் இடைவெளிதான் புதியவர்கள் எஞ்சினை உடைக்கும் இடம். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராக 25 மி.மீ. தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் வையுங்கள். 81 மி.மீ. சிலிண்டருக்கு டர்போ இல்லாவிட்டால் சுமார் 0.32 மி.மீ. (81-ஐ 0.004-ஆல் பெருக்குங்கள்). டர்போவுக்கு 0.0055-ஆல் பெருக்கினால் சுமார் 0.45. மேல் ரிங்குக்கான பொதுக் கணக்கு இது; ரிங் பெட்டியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சட்டம். டர்போ எஞ்சினில் சாதாரண இடைவெளி விட்டால், சூட்டில் ரிங் விரிந்து இரு முனையும் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் விரிய இடமில்லாமல் சுவரைக் கிழிக்கும், பிஸ்டனின் ரிங் படியை உடைக்கும்.

அடுத்தது பெட்ரோல். மைவெக்கின் 11-க்கு 1 அமுக்கமோ கூட்டிய பூஸ்டோ, ரோன் 95 பெட்ரோலில் நம்பி ஓட்டாதீர்கள். மேட்டில் ஏறும்போது டின்னுக்குள் ஆணியைக் குலுக்குவது மாதிரி சத்தம் வந்தால் அது நாக்கிங், பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிறது. உடனே காலை எடுங்கள். காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டி ஏறினால் பம்போ இன்ஜெக்டரோ போதவில்லை. டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் உருளை மேடை) டியூன் செய்ய ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ போக வேண்டியிருக்கலாம், ஒவ்வொரு உதிரிபாகம் மாற்றிய பிறகும். அந்தப் பயணச் செலவும் எஞ்சினின் விலைதான்.

படி 6: முதல் 1,000 கிலோமீட்டர்

எதைக் கட்டினாலும் மினரல் எண்ணெயில் தொடங்குங்கள். 4,000 சுற்றைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அந்த அழுத்தத்தில்தான் ரிங் சுவரோடு படியும். 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே உள்ள காகிதத்தை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. செம்பு நிறத்தில் மின்னும் செதில்கள் இருந்தால் பேரிங் உரிகிறது. எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் சம்பை (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) கழற்றுங்கள்.