200 லிட்டர் டிரம்மில் மழைநீர்: முதல் தண்ணீரைக் கழிப்பது எப்படி?

சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 200 சதுர அடி மொட்டைமாடிக்கு ஒரு குழாய் என்றால் 15 மி.மீ. மழையிலேயே டிரம் நிரம்பிவிடும். நிரம்புமா என்ற கவலை வேண்டாம். நிரம்பும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டிரம்: மூடி முழுதாகத் திறந்து, இரும்பு வளையத்தால் இறுகும் வகையையே வாங்குங்கள். மேலே இரண்டு சின்னத் திருகு மூடி மட்டும் உள்ள டிரம்முக்குள் கை போகாது. டேங்க் நிப்பிளின் (டிரம் சுவரில் குழாயைப் பொருத்தும் திருகு இணைப்பு) உள் நட்டை இறுக்கவும் முடியாது, கழுவவும் முடியாது. பழைய டிரம் என்றால் உணவுப் பொருள் இருந்தது மட்டும். ஆசிட், பூச்சிமருந்து டிரம் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. வெள்ளையில் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும், நீலம் நல்லது.

மேடை: நிரம்பிய டிரம் 200 கிலோவைத் தாண்டும். மண்ணை இடித்துச் சமப்படுத்தி, ஒரு வரிசைக்கு நான்கு ஹாலோ பிளாக், நடுவில் சதுர இடைவெளி விட்டுச் சுற்றி அடுக்குங்கள். இரண்டு வரிசை போதும். மேலே 2 அடிக்கு 2 அடி கடப்பா கல். குடம் வைத்துப் பிடிக்க உயரம் சரியாக இருக்கும்.

குழாய்: அடியிலிருந்து 4 அங்குலம் மேலே முக்கால் அங்குல டேங்க் நிப்பிள், உள்ளும் வெளியும் ரப்பர் வாஷர். துளையை ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) வைத்துப் போடுங்கள். கம்பியைக் காய்ச்சிப் போட்ட துளை வட்டமாக வராது, வாஷர் உட்காராது, கசியும்.

முதல் தண்ணீர் குழாய்: பலர் விட்டுவிடுவது இதைத்தான். மாடியின் தூசி, பறவை எச்சம் பெரும்பாலும் முதல் அரை மி.மீ. மழையில் இறங்கிவிடும். 200 சதுர அடிக்கு அது 9 லிட்டர் சொச்சம். மாடியிலிருந்து இறங்கும் 4 அங்குலக் குழாயில், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போடுங்கள். பக்கவாட்டுக் கை டிரம் மூடிக்குள் போகட்டும். நேர்குழாய் அப்படியே கீழே தொடர்ந்து, தரைக்கு அரை அடி மேலே திருகு மூடியில் முடியட்டும். இந்த நாலரை அடிக் குழாய் சுமார் 12 லிட்டர் பிடிக்கும். அது நிரம்பிய பிறகே தண்ணீர் டிரம் பக்கம் திரும்பும். மாடி பெரிதென்றால் குழாயையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும்.

அடுத்த மழைக்குள் இந்தக் குழாய் காலியாக வேண்டும். அதற்கு 2 மி.மீ. துளை ஒன்று. மூடியின் நடுவில் போட்டால் வண்டல் அடைத்துவிடும். மூடிக்கு இரண்டு அங்குலம் மேலே, குழாயின் பக்கவாட்டில் போடுங்கள். துளை அடைபட்டால் குழாய் நிறைந்தே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராக டிரம்முக்குள் போகும். டிரம் தண்ணீர் திடீரெனக் கலங்கினால் முதலில் இங்கே பாருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள். இந்த மூடிக்குப் பசை போடவே கூடாது.

உபரிநீர்: வரும் குழாய் எந்த அளவோ, போகும் குழாயும் அதே அளவு. ஒரு அங்குலக் குழாய் வைத்தால் கனமழையில் மூடி வழியே பொங்கி வழியும், மேடை மண் கரையும், டிரம் சாயும். உபரி நேராக உறிஞ்சுகுழிக்குப் போகட்டும்.

கொசு: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம் வாய் மேல் நைலான் கொசுவலையை விரித்து, அதன் மேல் மூடியை வைத்து வளையத்தால் இறுக்குங்கள். உபரிக் குழாயின் வெளிமுனையிலும் வலை வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு: ஓட்டுக்கூரை, தகரக்கூரையின் ஓரத்தில் தண்ணீர் வாங்கும் வாய்க்காலில் சில்வர் ஓக் மர இலை குவிந்து அடைக்கும். வாய்க்காலின் மேல் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். பொடிக்கண் வலை இலையோடு ஒட்டி, தண்ணீரையே வெளியே தள்ளிவிடும்.

பிற்சேர்க்கை: சித்திரை, வைகாசி இடிமழைக்கு முன் அடிக்கும் காற்றில் காலி டிரம் உருண்டு டேங்க் நிப்பிள் உடைந்துபோகிறது. சுவரில் இரண்டு கொக்கி அடித்து, டிரம்மின் நடுவில் நைலான் கயிற்றால் கட்டிவிடுங்கள். இந்தத் தண்ணீர் செடிக்கும் துணி துவைக்கவும் மட்டும், குடிக்க வேண்டாம்.