பேர்ட்ஸ்வில் ட்ராக்குக்கு வண்டியைத் தயார் செய்வது

தென் ஆஸ்திரேலியாவின் மாரீயிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை சுமார் 520 கிலோமீட்டர் மண் சாலை. இடையில் எரிபொருளுக்கு மங்கரானியை விட்டால் வேறு இடமில்லை. மழை இல்லாத நாளில் நல்ல ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு இது சிரமமான சாலையே அல்ல. ஆனால் டயரிலும் சுமையிலும் கோட்டை விட்டால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

வழியில் வரும் ஸ்டர்ட் ஸ்டோனி பாலைவனத்தின் கூர்க்கற்கள் கார் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். லைட் டிரக் வகை டயர் போடுங்கள். ரிம்மோடு இரண்டு ஸ்டெப்னி வேண்டும். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கினால் கிளம்பும் முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். துரு பிடித்த சங்கிலி தேவைப்படும் நேரத்தில் அசையாது. பஞ்சர் கிட், 12 வோல்ட் கம்ப்ரசர், பிரஷர் கேஜ் மூன்றும் கட்டாயம்.

தார் சாலையில் டயர் காற்றழுத்தம் 38 பிஎஸ்ஐ வைத்திருந்தால், மண்ணில் 28 முதல் 30 வரை இறக்குங்கள். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். அதோடு வேகத்தையும் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயர் பிரிந்துவிடும். டயர் ஆறியிருக்கும்போது அளந்து குறித்துவையுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், காற்று போதவில்லை, அல்லது வேகமோ சுமையோ அதிகம். இங்கேதான் பலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அது நேர்மாறான வேலை. டயர் இன்னும் சூடாகும்.

எல்லாவற்றையும் ஏற்றியபின் எடை மேடையில் நிறுத்தி, உற்பத்தியாளர் சொன்ன மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். கனமானதைக் கூரையில் ஏற்றாதீர்கள். மண் சாலையில் குறுக்கே வரிவரியாக இருக்கும் மேடுபள்ளங்களில் மணிக்கணக்கில் ஓடும்போது ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி நுரைக்கும். பாரம் கூடினால் சீக்கிரமே செத்துவிடும். அதே அதிர்வில் போல்ட்டுகளும் கழலும். ஷாக், பேட்டரி கிளாம்ப், கேரியர் நட்டுகளை முறுக்கிவிட்டு, நட்டிலிருந்து சட்டம் வரை பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். மாலையில் டார்ச் அடித்தால், கோடு விலகியிருப்பது பளிச்சென்று தெரியும்.

ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர் எல்லாம் மாற்றாக ஒன்று இருக்கட்டும்.

மங்கரானியில் எரிபொருள் தீர்ந்திருந்தாலும் ஊர் போய்ச் சேர வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 78 லிட்டர்; கால் பங்கு கூட்டி 98 லிட்டர் வையுங்கள். ஜெர்ரி கேன் வண்டிக்குள் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 10 லிட்டர், மூன்று நாள் உபரியோடு, பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று உரசி ஓட்டையானாலும் மற்றது மிஞ்சும்.

வழியில் பெரும்பாலும் மொபைல் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் ஃபோன் அல்லது அவசர பீக்கன் (ஆபத்தில் மீட்புக் குழுவுக்கு சிக்னல் அனுப்பும் கருவி) வேண்டும். மற்ற வண்டிகளோடு பேச உதவும் யுஎச்எஃப் ரேடியோவை, நெடுஞ்சாலை ஓட்டுநர்கள் பயன்படுத்தும் சேனல் 40-இல் வையுங்கள். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மீறினால் அபராதம். கிளம்பும் காலையில் சாலை நிலவரம் பாருங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள்: தேடி வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டிதான்.