தலை எண்ணிக்கையை நம்பிக் கெடும் மந்தைகள்

மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை அமர்த்தப்பட்டிருக்கும் புலிக்குளம் மாடுகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை உருப்படி என்றுதான் கேட்பார்கள். பொலிகாளைகள் எத்தனை, அவை எத்தனை ஆண்டுகளாக அதே கிடையில் நிற்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரே காளை நான்கைந்து ஆண்டுகள் நின்றுவிட்டால், தனக்குப் பிறந்த கிடாரிகளோடே அது சேர நேரிடும். காட்டில் மறுபடியும் குடியேற்றப்படும் சிறு மந்தைகளுக்கும் இதே கணக்குத்தான். காளையை மாற்றிவிட அங்கே கிடைக்காரர் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

தலைகளை எண்ணித் திருப்தியடைவதே முதல் தவறு. ஈனும் பெண்களின் எண்ணிக்கையையும் பொலியும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை மேலும் நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மந்தையின் மரபியல் அளவு, அதாவது மரபணு வேற்றுமையைக் காப்பதில் அது உண்மையில் எத்தனை உருப்படிகளுக்குச் சமம் என்பது, கிடைக்கும். ஓர் ஆணும் 20 பெண்களும் உள்ள மந்தையில் உருப்படிகள் 21 இருந்தாலும் அந்த அளவு நான்கைக்கூட எட்டாது. தலைமுறைக்குச் சுமார் 13 விழுக்காடு மரபணு வேற்றுமை கரைந்துபோகும். 5 ஆண்களும் 15 பெண்களும் இருந்தால் அளவு 15 ஆகிறது, இழப்பு 3 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது.

மந்தை பெருகிவிட்டால் இழந்தது திரும்பிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. இன்று ஆயிரக்கணக்கில் வாழும் ஐரோப்பியக் காட்டெருதுகள் அனைத்தும் வெறும் 12 விலங்குகளின் வழி வந்தவை. எண்ணிக்கை கூடியதால் அந்த மரபணு வறுமை நீங்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில், அதே மாநிலத்தின் கான்ஹாவிலிருந்து கொண்டுவந்த 50 காட்டுமாடுகள் நன்றாகப் பெருகிய பிறகும், 2025இல் சாத்புராவிலிருந்து புதிய மாடுகளைக் கொண்டுவந்தது இதனால்தான்.

அதற்காக எங்கிருந்தாவது பிடித்து வந்து விடுவதும் ஆபத்தே. மத்திய ஐரோப்பாவின் தாத்ரா மலைகளில் மறுபடியும் குடியேற்றப்பட்ட ஐபெக்ஸ் எனும் மலையாடுகளோடு, துருக்கியிலிருந்தும் எகிப்தின் சினாயிலிருந்தும் வேறு வகை ஆடுகளைச் சேர்த்தார்கள். கலப்பில் பிறந்தவை பருவம் தப்பிச் சேர்ந்ததால், குட்டிகள் கடுங்குளிரான பிப்ரவரியில் பிறந்து மடிந்தன; கடைசியில் கூட்டமே அற்றுப்போயிற்று. நம் மேற்கே மேகமலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலும் உள்ள வரையாடுகள் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவை. வடக்கே நீலகிரியில் உள்ளவை மரபணுவில் வேறுபட்டவை. ஆகவே கிடாக்களை இடம் மாற்ற நினைப்பவர்கள் இந்த எல்லையை மனத்தில் கொள்வது நல்லது.

எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்ற பதிவேடு இல்லாமை அலுப்பான விஷயம் என்பதால் எளிதில் மறக்கப்படுகிறது. புழுக்கையிலிருந்தே மரபணுவை எடுத்துத் தகப்பன் யாரென்று கண்டறிய இன்று வழியுண்டு. தலைமுறைக்கு ஓரிரு புதிய விலங்குகள் போதும் என்னும் விதியும், வந்தவை இனப்பெருக்கம் செய்தால்தான் பொருந்தும். வண்டியில் வந்திறங்கிய கிடா, அங்குள்ள மூத்த கிடாவிடம் தோற்று ஒதுங்கி, ஒரு குட்டிக்கும் தகப்பனாகாமல் இறந்துபோனால், அதன் வரவைச் செலவுக் கணக்கில் எழுதலாமே தவிர மரபுக் கணக்கில் எழுத முடியாது.